கடற்காற்றும் மரப்பூச்சும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடலோரப் பகுதிகளில் மரவேலை செய்யும் நம் அன்பர்கள், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் ஒரு தொல்லையைக் கண்டிருப்பர். கண்ணாடிபோல் மின்னவேண்டிய பூச்சு, தெளித்த சில நிமிஷங்களுக்குள் பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். சரக்கு கெட்டதென்று கடைக்காரரை நோவாரும், கண்ணேறு என்பாரும் உளர். இக்குற்றம் நம் தொழிலில் எவ்வாறு புகுந்தது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பண்டைக் கடைசல்காரர் இதனை அறியார். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கோலை அழுத்துவர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் பளபளத்தது இம்முறையாலேயே. ஆவியாகிப் போவதற்கு ஆங்கு யாதொரு திரவமும் இல்லை. ஆதலின் மழைநாளும் வெயில்நாளும் அவர்க்கு ஒன்றே.

அவலரக்கைச் சாராயத்திற் கரைத்துத் துணிப்பொதியால் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிற் பரவிப் பின்னர் இந்நாட்டிற்கும் வந்தது. 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் நாள் இராயபுரத்தினின்று தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. அதன் மரவண்டிகளைச் செய்தளித்தது சென்னைச் சிம்ப்சன் கம்பெனி. சாராயப் பூச்சும் ஈரக்காற்றில் வெளுக்கவே செய்யும். ஆயினும் அது கைவேலை. மேகம் கறுத்தால் பொதியைக் கீழே வைத்துவிடலாம்.

துன்பம் முற்றியது தெளிப்பானால். அமெரிக்காவில் டிவில்பிஸ் என்னும் மருத்துவர் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவர் மகனார் 1907-இல் அதனைப் பூச்சு தெளிக்கும் கருவியாக மாற்றினார். தொண்டைக்கும் கட்டிலுக்கும் ஏற்பட்ட உறவு வேடிக்கையன்றோ! 1920-களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மோட்டார் வண்டிகளுக்கு வரவே, வாரக்கணக்கில் உலர்ந்த பூச்சு மணிக்கணக்கில் உலர்ந்தது. எண்ணூரிற் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ் தோன்றியது 1948-இல்.

விரைந்து உலர்தலே குற்றத்திற்கு வித்து. தின்னர் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. உள்ளங்கையில் ஸ்பிரிட் ஊற்றினாற் குளிர்வதும் இதனாலேயே. காற்று 30 டிகிரி சென்டிகிரேட் வெப்பமும் நூற்றுக்கு 50 ஈரப்பதமும் உடையதாயின், பரப்பு ஏறக்குறைய 18 டிகிரிக்குக் குளிர்ந்தாலன்றிப் பனி படியாது. ஈரப்பதம் 80 ஆயினோ 26 டிகிரியே போதும். நான்கு டிகிரிதான் இடைவெளி! படிந்த நீர் ஈரப்பூச்சிற் கலந்து, கரைந்திருந்த சத்தை வெண்மையாகப் பிரித்துவிடும். கம்ப்ரசரின் தொட்டியிலும் காற்று இறுகும்போது நீர் சேரும். அதனை நாடோறும் திறந்துவிடாதார், தம் கையாலேயே பூச்சின்மேல் நீர் தெளிப்பவராவர்.

பழைய மேஸ்திரிகள் இக்கணக்கை அறியாரேனும் பொழுதை அறிந்திருந்தனர். கோடையில் வெயில் ஏறியபின் தொடங்கிக் கடற்காற்று வருமுன் ஸ்ப்ரே கன்னைக் கழுவி வைத்துவிடுவர். கடற்காற்று உடம்புக்கு இதம், பூச்சுக்கு நஞ்சு. அஃது உப்பையும் கொணர்கிறது. ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் உப்புத்துகள் நீரை உறிஞ்சிக் கசியும். ஆதலின் தெளிக்குமுன் மரத்தைத் துடைத்தல் வீண்வேலையன்று.

என் இளமையில் யான் பயின்ற பட்டறையின் பெயர் ஈண்டு வேண்டா. கார்த்திகை மழையில், கலியாணச் சீருக்காக ஒரு தேக்கு அலமாரி மாலைக்குள் முடியவேண்டியிருந்தது. தெளித்த பூச்சு வெளுத்தது. முதலாளி கதவுகளைச் சாத்திக் கரியடுப்பு மூட்டி, மீண்டும் தெளிக்கச் சொன்னார். தின்னர் ஆவி நிறைந்த அறையில் ஒரு பொறி போதும், அனைவரும் சாம்பலாக. முதிய தொழிலாளி ஒருவர் வாய்பேசாது அடுப்பைத் தூக்கிச்சென்று வெளியே மணலிற் கவிழ்த்தார். முதலாளி அவரை ஏசிய ஏச்சு இன்றும் என் செவியில் உளது. மறுநாள் முற்பகல் வானம் வெளுத்தது. அம்முதியவரே, மெல்ல ஆவியாகும் தின்னரை வெளுத்த பரப்பின்மேல் மெல்லியதாகத் தெளித்தார். பூச்சு மீண்டும் இளகி, உள்ளிருந்த நீர் வெளியேற, தேக்கின் இரேகைகள் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன. சீர் ஒருநாள் தாமதித்துச் சென்றது.