ஏரிகள் வளர்த்த பெங்களூர்

யான் வசிக்கும் விவேக் நகரில் இன்று உழவுச் சால் ஒன்றும் கண்ணிற்படுவதில்லை. ஆயினும் பெங்களூர் முன்னாளில் உழவர் பூமியே. வற்றாத ஆறு இல்லாத இம்மேட்டு நிலத்தில், மழைநீரைத் தேக்கிய ஏரிகளே நெல்லுக்கும் காய்கறிக்கும் மலருக்கும் உயிரூட்டின. தோட்டப் பயிரில் தேர்ந்தவர் திகளர். இவர்தம் முன்னோர் தமிழகத்தினின்று வந்தோர் என்பது வழிவழிச் செய்தி.

குடியேறிய உழவரின் வரலாறு எங்கும் ஒரே வகையாய் எழுதப்படுவதில்லை. அமெரிக்க அரசு 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வடபுலப் புல்வெளிகளில் ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டோர்க்கு 160 ஏக்கர் வரை நிலம் அளித்துப் பதிவேட்டிலும் எழுதிவைத்தது. திகளர்க்கோ கரகத் திருவிழாவே ஏடு!

1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. நகரத்தார்க்கு ஏரிகளின் தேவை குறைந்தது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவ விளையாட்டரங்கு நிற்கிறது. எஞ்சியது ஒரு சிறு குளமே. எனினும், சித்திரைப் பௌர்ணமியையொட்டித் திரௌபதி அம்மனுக்குக் கரகம் எடுக்கும் திகளர், வாளேந்திய வீரகுமாரர் சூழ, இன்றும் அக்குளக்கரைக்கு வந்து சடங்கு இயற்றுகின்றனர். தண்ணீர் போனபின்னும் முறை போகவில்லை. பந்தாட்டம் காணச் செல்லும் தமிழன்பர்கள் அக்குளத்தையும் ஒருமுறை பார்த்து வரலாம்.