உருப்பெருக்கியா, நுண்ணோக்கியா? ஒரு கருவியின் வரலாறும் சொல்லாக்கமும்

1. கல்கத்தாவில் அமைந்தது பிரசிடென்சி பொது மருத்துவமனை. அங்கிருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் 1898 ஜூலையில் ரொனால்டு ராஸ், பறவை மலேரியாவின் ஒட்டுண்ணிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சென்றடைவதைக் கண்டறிந்தார். நோய் கொசுக்கடியால் பரவுகிறது என்பது இதனால் புலனாயிற்று. 1902இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதே நகரில்தான் 1884இல் ராபர்ட் கோக் காலராக் கிருமியைத் தனித்துப் பிரித்தெடுத்தார். இவ்விரு கண்டுபிடிப்புகளுக்கும் துணைநின்ற கருவியைத் தமிழில் உருப்பெருக்கி என்றும் நுண்ணோக்கி என்றும் வழங்குகிறோம். இவற்றுள் எது பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

2. கூட்டு நுண்ணோக்கியில் பொருளருகு வில்லை, பொருளின் தலைகீழான மெய்பிம்பத்தைக் குழலுக்குள் தோற்றுவிக்கிறது. கண்ணருகு வில்லை அதனை மேலும் பெரிதாக்கி மாயபிம்பமாகக் காட்டுகிறது. முன்னது 100 மடங்கும் பின்னது 10 மடங்கும் பெருக்குமாயின் மொத்த உருப்பெருக்கம் 1000 மடங்காகும்.

3. ஆயினும் பெருக்கத்தால் மட்டும் நுட்பம் புலப்படுவதில்லை. ஒளி அலையியல்பு உடையது. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகப் பரவியே பிம்பத்தில் அமைகிறது. அருகருகே உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியே காட்டும் ஆற்றலே பிரிதிறன். அது ஒளியின் அலைநீளத்தையும் வில்லை ஏற்கும் ஒளிக்கூம்பின் அகலத்தையும் பொறுத்தது என்பதை எர்னஸ்ட் ஆபே 1873இல் நிறுவினார். வில்லைக்கும் கண்ணாடித் தகட்டிற்கும் இடையே, கண்ணாடிக்கு ஒத்த ஒளிவிலகல் எண்ணுடைய எண்ணெய்யை இடும்போது அக்கூம்பு அகல்கிறது. இம்முறையிலும் பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டரே எல்லை. அதற்கு மேற்பட்ட பெருக்கம் மங்கலைத்தான் பெரிதாக்கும்.

4. ராஸ் கண்ட மெல்லிய கோல்வடிவ உயிரிகளைச் சுரப்பியின் உயிரணுக்களினின்றும் வேறுபிரித்து அறிந்ததே அவரது கண்டுபிடிப்பின் உயிர்நிலை. கல்கத்தாவில் வழங்கும் வங்கச் சொல்லாகிய 'அணுவீக்ஷண', நுண்ணியதைக் காணுதல் என்னும் பொருளது. கிரேக்க மூலமும் அத்தகையதே. இவ்விரண்டிலும் பெருக்குதல் என்னும் கருத்து இல்லை. 'உருப்பெருக்கி' என்பது கருவியின் ஒரு செயலை மட்டும் சுட்டுகிறது. 'நுண்ணோக்கி' அதன் பயனைச் சுட்டுகிறது. எனவே கருவிக்கு 'நுண்ணோக்கி' என்பதையே கொண்டு, 'உருப்பெருக்கம்', 'பிரிதிறன்' என்னும் இரு சொற்களையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்காதிருப்பது மொழிபெயர்ப்பாளர் கடன். சொல் மயங்கின், மூலத்தின் அறிவியற் கருத்தும் மயங்கும்.