கிணற்றைக் கூறாத நாவு

 

சகோதரர்களால் கிணற்றில் போடப்பட்ட நபி யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். அல்குர்ஆனின் 12ஆவது ஸூரா அவர்களின் பெயரையே தாங்கியுள்ளது. ஆதியாகமமும் 37ஆம் அதிகாரம் முதல் இச்சரிதையைக் கூறுகின்றது. எனினும், பிரிந்த அக்குடும்பம் எவ்வாறு இணைந்தது என்பதை நாம் ஆழ்ந்து சிந்திப்பது குறைவு.

ஆதியாகமக் கணக்கின்படி அவர்கள் விற்கப்பட்டபோது வயது 17. எகிப்தின் பொறுப்பை ஏற்றபோது 30. செழிப்பான ஏழு ஆண்டுகள் கழிந்து, பஞ்சத்தின் இரண்டாம் ஆண்டில்தான் சகோதரர்களிடம் தம்மை வெளிப்படுத்தினார்கள். ஏறத்தாழ 22 ஆண்டுகாலப் பிரிவு!

தானியம் தேடி வந்தவர்களைக் கண்டதுமே யூஸுப் (அலை) இனங்கண்டுகொண்டார்கள். பழிவாங்க அதிகாரமிருந்தும் பழிவாங்கவில்லை, உடனே கட்டியணைக்கவுமில்லை. இளையவர் புன்யாமீனை அழைத்துவரச் செய்தார்கள். அவரிடம் மட்டும் தாம் யாரென்பதைக் கூறிய பின், அரசரின் அளவுப் பாத்திரம் அவரது பொதியில் வைக்கப்பட்டது. இதனை அல்லாஹ் யூஸுபுக்காகச் செய்த ஏற்பாடு என்கிறது அல்குர்ஆன். அந்த ஏற்பாட்டினுள் ஒரு சோதனையும் இருந்தது. தந்தையின் அன்புக்குரிய இன்னொரு பிள்ளையையும் இவர்கள் கைவிட்டுச் செல்வார்களா?

பழைய பொறாமை முற்றாக அணைந்திருக்கவில்லை. இவனுடைய சகோதரனும் முன்னர் திருடியவனே என்றார்கள். யூஸுப் (அலை) அதனைத் தம் மனத்துள் அடக்கிக்கொண்டார்கள். ஆயினும் புன்யாமீனுக்குப் பதிலாகத் தங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுமாறு அவர்கள் மன்றாடினார்கள். மூத்தவர் ஊர் திரும்பவே மறுத்துவிட்டார். அன்று யூஸுபை விற்றுவிட யோசனை கூறிய யூதாவே, இன்று தம்பிக்காக அடிமையாக முன்வந்தார் என்கிறது ஆதியாகமம்.

பின்னர் தவறிழைத்தோம் என ஒப்புக்கொண்டார்கள். அக்கணமே மன்னிப்பும் கிடைத்தது. பெற்றோர் எகிப்து வந்தபோது, சிறையிலிருந்து மீட்ட இறைவனுக்கு நன்றி கூறிய யூஸுப் (அலை), கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சகோதரர்கள் நாணிவிடக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு தவிர்த்தார்கள் என முஃபஸ்ஸிரீன்கள் விளக்குவர். பிளவை மூட்டியது ஷைத்தான் என்று மட்டுமே கூறினார்கள்.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது, தம்மை ஊரைவிட்டு விரட்டிய குறைஷியருக்கு நபி (ஸல்) அவர்களும் பொதுமன்னிப்பு அளித்தார்கள். யூஸுப் (அலை) அவர்களின் வார்த்தையையே அன்று எடுத்துரைத்தார்கள் எனச் சீறா நூல்கள் அறிவிக்கின்றன.

உக்குவளையாயினும் வேறெந்த ஊராயினும், மிளகுக்கொடி படர்ந்த ஒரு துண்டுக் காணிக்காகக் காக்காவும் தம்பியும் முகம் பாராதிருப்பது நமக்குப் புதிதன்று. பெருநாள்கள் வந்து போகின்றன; ஜனாஸாவில்தான் ஒரே ஸப்பில் நிற்கிறார்கள். தவறிழைத்தவரே! காணி உறுதியைக் கையிலெடுக்கும் முன் தவறை வாய்விட்டுக் கூறுங்கள். மன்னிப்பவரே! மன்னித்தபின் பழைய கிணற்றைத் தோண்டாதீர்கள். பெற்றோரே! யஃகூப் (அலை) அவர்கள் குற்றமிழைத்த பிள்ளைகளையும் விரட்டவில்லை. அவர்களையே யூஸுபைத் தேடி அனுப்பினார்கள்.

உடைந்த உறவுகளை ஒட்டவைக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.