பெருநாள் வேலை ஒருத்தியின் தலையில் விழுந்த கதை



போன நோன்புப் பெருநாளன்று லுஹருக்குப் பிறகுதான் உம்மாவைப் பார்க்கப் போனேன். மனைவி பிள்ளைகளோடு போய், சாப்பிட்டு, வட்டிலப்பமும் தின்று, போட்டோ எடுத்து, ஒரு மணித்தியாலத்தில் வெளிக்கிட்டோம். வாசலில் ராத்தா மெதுவாகச் சொன்னா: "இன்னும் நான் குளிக்கக்கூட இல்ல தம்பி." உள்ளே உம்மா, வந்தவர்களிடம் நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தா: "பெருநாள் எப்ப?"

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. "வீடு ராத்தாவுக்குத்தானே கொடுத்தது, உம்மாவை அவதானே பார்க்கணும்" என்று நானும்தான் பல தடவை நினைத்திருக்கிறேன். வரலாறு படிப்பிக்கிறவன், அந்த வீட்டின் வரலாற்றை ஒருநாளும் யோசிக்கவில்லை.

நம் கிழக்கு மாகாணத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. மூத்தவள் கலியாணம் முடித்தால் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் இளையவள்களோடு பக்கத்தில் இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். இதனால் ஒரே வளவில், அல்லது அடுத்தடுத்த வளவுகளில், அக்கா தங்கச்சிமாரும் சாச்சி பெரியம்மாமாரும் இருந்தார்கள்.

பெருநாள் வந்தால் ஒரு வீட்டில் மா இடிப்பார்கள், இன்னொரு வீட்டில் தேங்காய் துருவுவார்கள். மூத்தம்மா பாயில் இருந்து வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இனிப்புச் சரியா என்று நாக்கில் வைத்துச் சொல்லுவா. அது அவவுடைய வேலை. அவவைப் பார்த்துக்கொள்ளப் பத்துக் கண் இருந்தது. யாரும் தனியாகச் சுமக்கவில்லை.

பிறகு அந்த வளவு உடைந்தது. 1970களின் கடைசியிலிருந்து மத்திய கிழக்குப் பயணம் தொடங்கியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே அமைக்கும் அளவுக்கு அது பெருகியது. ஆண்கள் மட்டுமல்ல, சாச்சிமாரும் போனார்கள். 1990இன் சண்டையும் இடப்பெயர்வும் எத்தனையோ குடும்பங்களைச் சிதறடித்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். சட்டம் பிறகு தளர்ந்தாலும், பலர் ஊரின் மறுபக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள்.

அதே காலத்தில் மூத்தவர்களின் தொகையும் கூடியது. 1981 குடிசன மதிப்பீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 6.6 பேர். 2012இல் 12.4 பேர்.

ஆக, வளவு போனது, கைகள் போயின. "வீடு யாருக்கோ அவளே பார்க்கணும்" என்ற பேச்சு மட்டும் மிஞ்சியது. அந்த வழக்கம் ஒருத்தியை நம்பி உண்டானதல்ல, அவளைச் சுற்றி இருந்த ஒரு கூட்டத்தை நம்பி உண்டானது. நாட்டின் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. மகளின் கடமை என்று சொல்லவில்லை.

மார்க்கமும் இதைத்தான் காட்டுகிறது. முஆத் (ரழி) அவர்கள் தொழுகையை நீட்டியபோது ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அவரைக் கண்டித்தார்கள். பின்னால் நிற்பவர்களில் முதியவரும் பலவீனரும் உண்டு என்று நினைவூட்டினார்கள். தொழுகையையே முதியவருக்காகச் சுருக்கச் சொன்ன மார்க்கத்தில், நாம் பெருநாள் விருந்தைச் சுருக்க மாட்டோமா? பெருநாள் திடலுக்குப் பெண்களையும், தொழுகை இல்லாத நாட்களில் இருப்பவர்களைக்கூட, வரச் சொன்னதை உம்மு அதிய்யா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். எங்கள் ராத்தாமார் எத்தனை பெருநாளாகத் திடலைக் காணவில்லை?

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. எங்கள் வீட்டில் இந்த முறை இப்படிப் பேசி முடித்திருக்கிறோம். சுபஹோடு நான் உம்மாவிடம் போய்விடுவேன், ராத்தா குளித்து உடுத்துத் தொழுகைக்குப் போவா. சாப்பாடு மூன்று வீட்டிலிருந்து வரும், அவ அடுப்பு மூட்டத் தேவையில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நிற்காமல், குடும்பம் குடும்பமாக நேரம் பிரித்துப் போவோம். லுஹருக்குப் பிறகு உம்மா படுக்கும் நேரம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. மருந்து வழமையான நேரத்துக்கே, வட்டிலப்பம் ஒரு கரண்டி மட்டும். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசை உம்மாவின் கையால் கொடுக்க வைப்போம். அவவுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

"பெருநாள் எப்ப?" என்று உம்மா திரும்பவும் கேட்பா. "இண்டைக்குத்தான் உம்மா" என்று சொல்ல, இந்த முறை பக்கத்தில் நான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டிலும் யார் இன்னும் குளிக்கவில்லை என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். துஆவில் எங்கள் உம்மாவையும் ராத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.