நிலவறையில் உறங்கும் புட்டி

ஊரிலிருந்து நமக்கு வந்து சேரும் பொருள்களுள் ஊறுகாய்ச் சாடிக்குத் தனி இடம் உண்டு. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நாம் அதன் வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத மூலையில் வைத்து, ஈரக் கரண்டி தீண்டாமல் காத்து வருகிறோம். அச்சாடியின்மேல் முத்திரை இல்லை; ஆண்டுக் குறிப்பும் இல்லை. எனினும் நாம் ஐயுறுவதில்லை. அதனைப் போட்ட கையை நாம் அறிவோம் அன்றோ?

செய்தவர் முகம் அறியாமல், திறந்து சுவைத்துப் பார்க்கவும் இயலாமல், ஒரு பொருளைப் பெருவிலை கொடுத்து வாங்கி இருபது ஆண்டு காத்திருப்பவர் எதனை நம்பி வாங்குகிறார்? உயர்ந்த செந்நிறத் திராட்சை மதுவை நிலவறையில் சேமித்து வைக்கும் மேனாட்டாரின் வரலாறு, இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே ஆகும். மதுவுக்குப் பரிந்து பேசுதல் நம் நோக்கமன்று. வாணிகத்தில் நம்பிக்கை என்பது எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு குலைகிறது என்பதைக் காண்பதே நம் நோக்கம்.

பழைய மதுவைப் போற்றியவர்களுள் உரோமர் முதன்மையானவர். இருபுறமும் பிடி வைத்து அடி குறுகிய மண்சாடிகளில் மதுவை நிரப்பி, வாயை அடைத்து, ஆட்சியாளரின் பெயரால் ஆண்டைக் குறித்தனர். ஒபிமியசு என்பவர் ஆட்சித் தலைவராக இருந்த கி.மு. 121ஆம் ஆண்டின் மது பெரும்புகழ் பெற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த பிளினி, அது தேன்போல் கெட்டியாகித் தம் காலத்திலும் எஞ்சியிருந்ததைக் குறித்துள்ளார். அத்தகைய சாடிகள் நம் கரைக்கும் வந்தன. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் யவனர் கொணர்ந்த தேறலைக் குறிப்பிடுகிறார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடித் துண்டுகள் வெளிப்பட்டன.

உரோமப் பேரரசு தளர்ந்தபின், மதுவை நெடுங்காலம் காக்கும் இக்கலை மறைந்தது. மண்சாடி போய் மரப்பீப்பாய் வந்தது. பீப்பாயைத் திறந்து சிறிது சிறிதாக எடுக்கும்போது காற்று உட்புகும், மது புளிக்கும். ஆகவே இடைக்காலத்தில் புதிய மதுவுக்கே மதிப்பு. ஓராண்டு கழிந்த மது மலிந்த விலைக்குச் சென்றது.

இந்நிலையை மாற்றியவை கண்ணாடியும் தக்கையும் ஆகும். கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதற்காக, கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதை இங்கிலாந்து அரசு 1615இல் தடுத்தது. உலைக்காரர் நிலக்கரிக்கு மாறினர். அதன் மிகுந்த வெப்பத்தில் தடித்த, வலிய, கருநிறப் புட்டிகள் உருவாயின. தொடக்கத்தில் அவை வெங்காயம்போல் உருண்டு இருந்தன. நிமிர்த்தியே வைக்க வேண்டும். நிமிர்ந்த புட்டியில் தக்கை உலர்ந்து சுருங்கும், காற்று நுழையும். 18ஆம் நூற்றாண்டில் புட்டி மெலிந்து நீண்டது. அதனைப் படுக்க வைக்க முடிந்தது; மது பட்டு நனைந்த தக்கை இறுகி நின்றது. புட்டியின் வடிவில் நேர்ந்த இச்சிறு மாற்றமே மதுவுக்கு நீண்ட வாழ்நாளைத் தந்தது.

புட்டிக்குள் நிகழ்வது யாது? செம்மதுவின் நிறமும் துவர்ப்பும் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவன. புதிய மதுவில் துவர்ப்பு நாவைப் பற்றி இழுக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து, நிறப்பொருளோடு கூடி வண்டலாகப் படியும், சுவை மென்மையுறும். இதற்குக் குளிர்ந்த, இருண்ட, அசைவற்ற இடம் வேண்டும். வெப்பநிலை 12, 13 பாகை செல்சியசு அளவில் மாறாதிருத்தல் நன்று. எல்லா மதுவும் இவ்வாறு உயர்வதில்லை; பெரும்பாலானவை விரைவில் பருகத்தக்கவையே. காத்திருத்தற்கு உரியதைத் தெரிந்து வாங்குவதில்தான் வாங்குவோரின் அறிவு இருக்கிறது.

அவ்வறிவு மிக்க ஒருவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமசு ஜெபர்சன். பிரான்சு நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்த அவர், 1787 மே மாதத்தில் போர்தோ நகருக்குச் சென்றார். மார்கோ, லாத்தூர், ஓபிரியான், லாபீத் என்னும் நான்கு தோட்டங்களே முதல் தரத்தவை எனக் குறித்துக்கொண்டார். ஓபிரியான் தோட்டத்து 1784ஆம் ஆண்டு மதுவைத் தமக்கு வாங்கியதோடு, ஆறு டஜன் புட்டிகளைத் தாயகத்திலிருந்த உறவினருக்கும் அனுப்பினார்.

அக்காலத்தில் மது பீப்பாய்களில் வணிகரிடம் சென்று, அவர்தம் கிடங்கில் வேற்றூர் மதுவோடு கலக்கப்படுவது வழக்கம். இதனை அறிந்த ஜெபர்சன், விளைவிப்பவரிடமிருந்தே வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1788இல் லாபீத் உரிமையாளருக்கு மடல் எழுதி, 250 புட்டிகள் வேண்டும் என்றும், அவற்றைத் தோட்டத்திலேயே அடைத்துக் கட்டித் தந்தால் மது கலப்பற்றது என்பதற்கு அதுவே உறுதியாகும் என்றும் கேட்டார். 1790இல் வாசிங்டனுக்கும் தமக்கும் மது தருவித்தபோது, பெட்டிகளின்மேல் இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் குறிக்கச் செய்தார்.

அவருடைய மதிப்பீட்டைக் காலம் மெய்ப்பித்தது. 1855ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் செம்மதுத் தோட்டங்களை விலையின் அடிப்படையில் ஐந்து வகுப்பாகப் பிரித்தனர். முதல் வகுப்பில் நின்றவை, 68 ஆண்டுகளுக்கு முன் ஜெபர்சன் குறித்த அதே நான்கு தோட்டங்கள். 1973இல் மூத்தோன் ரோத்சைல்டு ஐந்தாவதாகச் சேர்ந்தது. ஆனால் அவர் விரும்பிய மற்றொன்று நிறைவேற இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. தம் விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைப்பது என மூத்தோன் உரிமையாளர் பிலிப் தெ ரோத்சைல்டு தொடங்கியது 1924இல்தான்.

இவ்வரலாற்றின் விந்தை என்னவெனில், ஏமாற்றத்துக்கு அஞ்சி எழுத்துக் குறிக்கச் சொன்னவரின் பெயரெழுத்தே பின்னாளில் ஐயத்துக்கு இடமாயிற்று. 1985 டிசம்பரில் இலண்டன் ஏலம் ஒன்றில், ஜெபர்சனின் பெயரெழுத்துப் பொறித்த 1787ஆம் ஆண்டு லாபீத் புட்டி ஒன்று 1,05,000 பவுனுக்கு விற்றது. பிறகு ஆராய்ந்தோர் ஜெபர்சனின் விரிவான கணக்கேடுகளில் அதற்குச் சான்று காணவில்லை. அதே வரிசையைச் சேர்ந்த புட்டிகளை வாங்கிய வேறொருவர் வல்லுநரைக் கொண்டு ஆராய்ந்தார். அவ்வெழுத்துகள் இக்காலப் பொறியால் வெட்டப்பட்டவை என அவர்கள் முடிவு கூறினர். 2006இல் அவர் வழக்குத் தொடுத்தார். முதலிற் சொன்ன புட்டியோ காட்சிக்கு வைக்கப்பட்டது. விளக்கின் வெப்பத்தால் தக்கை உலர்ந்து உள்ளே விழுந்தது. நிலவறை தேவையென்பதை இதனினும் தெளிவாக யார் எடுத்துரைக்க முடியும்?

இன்று உயர்ந்த மது வாங்குவோர் மூன்று கேட்கிறார்: எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, இதுவரை எங்கே கிடந்தது. முதலிரண்டும் புட்டியின்மேல் ஒட்டிய தாளில் இருக்கும். மூன்றாவது எழுதப்படுவதில்லை. அதனை விற்பவரின் நேர்மையும் பழைய கணக்கேடுகளுமே சொல்ல வேண்டும். இடையில் கைகள் குறையக் குறைய ஐயமும் குறையும் என்பதே ஜெபர்சன் கண்ட உண்மை. தோட்டத்து முத்திரையும் தரகரின் பட்டியலும் ஏலத்தாரின் ஏடும், முகம் அறியாதவரை நம்புவதற்காக மாந்தர் அமைத்துக்கொண்ட வழிகளே. நம் வீட்டு மூலையிலுள்ள சாடிக்கு அவை எவையும் வேண்டியிருக்கவில்லை.