ஒரு பிறப்புச் சான்றிதழ் சொன்ன உண்மை

"எங்க அம்மாவைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்" என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஒரு மகனும் அப்படித்தான் நினைத்திருந்தார். பம்பாயிலிருந்து வந்த ஒரு காகிதம் அதை மாற்றிவிட்டது.

மெர்ல் ஓபரான் என்ற ஹாலிவுட் நடிகையைப் பழைய படங்களின் ரசிகர்கள் அறிந்திருப்பார்கள். 'தி டார்க் ஏஞ்சல்' (1935) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். 1939-ல் 'உதரிங் ஹைட்ஸ்' படத்தில் கதாநாயகி. தான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பிறந்ததாகவே அவர் உலகுக்குச் சொல்லி வந்தார். உண்மையில் அவர் பிறந்தது 1911-ல், பம்பாயில். வளர்ந்தது கல்கத்தாவில்.

ஏன் இந்தப் பொய்? கலப்பினத்தவர் என்று தெரிந்தால் அன்று கதாநாயகி வாய்ப்பே கிடைக்காது. 1934 முதல் கடுமையாக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகள், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் காதலிப்பதாகக் காட்டுவதையே தடை செய்தன. அவரை வளர்த்த சார்லட் இலங்கையைச் சேர்ந்தவர், நிறம் கறுப்பு. அதனால் லண்டனில் விருந்தினர் முன்னால் அவர் வேலைக்காரியாகவே அறிமுகமானார் என்று சொல்கிறார்கள். 1937-ல் அவர் இறந்த பிறகு, மெர்ல் அவருடைய படத்தை ஓவியமாக வரையச் சொன்னார். நிறத்தை வெளுப்பாக மாற்றச் சொல்லித்தான்!

மெர்ல் 1979-ல் இறந்தார். 1983-ல் வெளியான வாழ்க்கை வரலாறு அவருடைய இந்தியப் பிறப்பை வெளிப்படுத்தியது. ஆனாலும் சார்லட்தான் தாய் என்றே உலகம் நம்பியது.

இன்னொரு ரகசியம் மிச்சமிருந்தது. சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். ஊரறிய அவர் மெர்லுக்கு அக்காள். கான்ஸ்டன்ஸின் பிள்ளைகளுக்கு மெர்ல் சித்தி. கனடாவில் குடியேறிய அவருடைய மகன், மெர்லின் பிறப்புச் சான்றிதழைப் பம்பாயிலிருந்து வரவழைத்தார். தாய் என்ற இடத்தில் கான்ஸ்டன்ஸின் பெயர் இருந்தது! சிறுமியாக இருந்தபோதே தன் அம்மா பெற்ற குழந்தைதான் மெர்ல். பாட்டிதான் அந்தக் குழந்தையைத் தன் மகளாக வளர்த்திருக்கிறார். சித்தி என்று நினைத்தவர் அக்காள் ஆகிவிட்டார்.

மெர்லைப் பார்க்க அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். மெர்ல் சந்திக்க மறுத்துவிட்டார். வாழ்க்கை வரலாறு எழுதியவரிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. 2002-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆவணப்படத்துக்காகத்தான் வாய் திறந்தார்.

நம் அரசியலமைப்பின் 366-வது பிரிவு, தந்தை வழியை வைத்தே யார் ஆங்கிலோ இந்தியர் என்று வரையறுக்கிறது. ஐரோப்பியத் தந்தையின் பெயர் பெருமையோடு சொல்லப்பட்டது. தாயும் பாட்டியும் மறைக்கப்பட்டார்கள். மெர்ல் பொய் சொன்னார் என்று சொல்வது எளிது. ஒரு பெண் தன் மகளுக்கு அக்காளாகவே வாழ்ந்து முடித்தாரே, அந்த வலியை எந்தச் சான்றிதழில் தேடுவது?