அளக்காத அளவுமானி: வீட்டுக்கு ஒரு வாயுக்கூடம் என்ற பழைய கனவு

ஆங்கிலத்தில் ‘கேஸோமீட்டர்’ என்றொரு சொல் உண்டு. பிரித்துப் பார்த்தால் வாயுவை அளக்கும் கருவி என்று பொருள் வரும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அச்சொல் சுட்டியது, எதையும் அளக்காத ஓர் இரும்புத் தொட்டியை. நீர் நிரம்பிய குழியில் கவிழ்த்து வைக்கப்பட்டு, வாயு நிறைய நிறைய மேலெழும்பியும் தீரத் தீரக் கீழிறங்கியும் நின்ற தொட்டி அது. வாயுக்களின் கன அளவைத் துல்லியமாக அறிவதற்கென்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாஸியே தம் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்திய ‘கஸோமெத்ர்’ இதன் மூதாதை. ஆய்வுக்கூடத்திலிருந்து பட்டறைக்கு வந்த கருவி, அளக்கும் தொழிலை இழந்தது; பெயரை மட்டும் விடவில்லை. விளக்குக்கான வாயுவை உண்மையிலேயே அளக்கும் கருவி 1815-ஐ ஒட்டித்தான் தோன்றியது. அதுவரை அது ஏன் தேவைப்படவில்லை என்ற கேள்விக்கு விடை தேடினால், வாயுவை வீட்டிலும் கடையிலும் ஆலையிலும் அவரவரே தயாரித்துக்கொள்ள முயன்ற ஒரு தலைமுறையின் கதைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

அடிப்படை எளிது. நிலக்கரியையோ விறகையோ காற்றுப் படாமல் மூடிய கலத்தில் செஞ்சூடாகக் காய்ச்சினால் அது எரியாது, சிதையும். எரியும் வாயு ஒரு பக்கம் வெளியேற, தாரும் நீரும் இன்னொரு பக்கம் திரள, கலத்துக்குள் கல்கரி அல்லது அடுப்புக்கரி எஞ்சும். பாடநூல்கள் இதைச் சிதைத்து வடித்தல் என்கின்றன. அக்கலத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் ‘ரிட்டார்ட்’. பின்னோக்கி முறுக்கியது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கழுத்து வளைந்த கண்ணாடிக் குடுவைக்குரிய பெயர். பின்னாளில் நேரான இரும்புக் குழாய்களையும் அதே பெயரால்தான் அழைத்தார்கள். தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. தீநீர் இறக்கும் கலத்துக்கு நம் மருத்துவ மரபில் ‘வாலை’ என்ற சொல் இருக்கிறது.

வாலையில் நிலக்கரியைக் காய்ச்சி, வெளிவந்த ஆவியை விலங்குகளின் சவ்வுப்பைகளில் நிரப்பி, ஊசியால் துளையிட்டுக் கொளுத்தி நண்பர்களுக்கு வேடிக்கை காட்டியவர் ஜான் கிளேட்டன் என்ற ஆங்கிலப் பாதிரியார். பதினேழாம் நூற்றாண்டில் செய்த அச்சோதனையைப் பற்றிய அவர் குறிப்பு, ராயல் சொசைட்டியின் இதழில் 1739-இல்தான் அச்சேறியது. 1780களில் லூவன் நகரப் பேராசிரியர் மின்கெலர்ஸ் நிலக்கரி வாயுவைத் தேடியது விளக்குக்காக அன்று. அப்போது ஐரோப்பாவையே ஆட்டிவைத்த பலூன்களுக்காக. வாயு எரிந்து ஒளிரும் என்பது, ஆக, பலருக்கும் தெரிந்த செய்தி. தெரியாதிருந்தது அதை அன்றாடப் பொருளாக்கும் வகை.

அந்த வகையைத் தேடியவர்களுள் ஒருவர் வில்லியம் மர்டாக். நீராவிப் பொறிகள் செய்த பௌல்டன்-வாட் நிறுவனத்தின் சார்பில் கார்ன்வால் சுரங்கங்களில் பொறிகளை நிறுவிவந்த ஸ்காட்லாந்துக்காரர். 1792-இல் ரெட்ரூத் என்ற ஊரில் இரும்பு வாலையில் நிலக்கரியைக் காய்ச்சி, தகரமும் செம்பும் கொண்ட குழாய்களின் வழியே எழுபது அடி தொலைவுக்கு வாயுவைக் கொண்டுசென்று எரித்துப் பார்த்தார். தோலாலும் மெருகெண்ணெய் பூசிய பட்டாலும் செய்த பைகளில் அடைத்து, நடமாடும் விளக்காகவும் பயன்படுத்தினார். அவர் சிறுவயதில் தேநீர்க் கெண்டியில் கரியைக் காய்ச்சி இதைக் கண்டுபிடித்தார் என்ற கதை பரவலாக உலவுகிறது. கண்டுபிடிப்பாளர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு கெண்டி வாய்த்துவிடுகிறது.

பிரான்சில் இதே வேளையில் பிலிப் லபோன் விறகிலிருந்து தொடங்கினார். சாலைகளும் பாலங்களும் அமைக்கும் அரசுத்துறைப் பொறியாளரான அவர், 1799-இல் காப்புரிமை பெற்ற கருவிக்குத் ‘தெர்மோலாம்ப்’ என்று பெயரிட்டார். வெப்பத்துக்கான கிரேக்கச் சொல்லையும் விளக்குக்கான பிரெஞ்சுச் சொல்லையும் ஒட்டவைத்த கலப்புத்தொடர் அது; கருவியின் உள்ளக்கிடக்கையையும் அதுவே சொல்லிவிடுகிறது. லபோன் விற்க விரும்பியது விளக்கை மட்டுமன்று. ஒரே அடுப்பு வீட்டைச் சூடாக்கும். அதே அடுப்பின் உள்ளிருக்கும் கலத்தில் விறகு சிதைந்து ஒளிக்கான வாயுவைத் தரும். எஞ்சும் அடுப்புக்கரியையும் தாரையும் மரக்காடியையும் விற்றுக் காசாக்கலாம். புகை போக்கிய நூற்றாண்டுகளின் வீண்செலவு ஒரே அடுப்பில் தீர்ந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார். 1801-இல் பாரிஸின் செய்ஞலே மாளிகையில் அறைகளையும் தோட்டத்தையும் இக்கருவியால் ஒளியேற்றி, கட்டணம் பெற்றுக்கொண்டு மக்களுக்குக் காட்டினார். கூட்டம் வந்தது, வாங்குவோர் வரவில்லை. விறகு வாயுவின் சுடர் மங்கலானது, நாற்றமும் உடையது. 1804-இல் லபோன் இறந்தார். முடிசூட்டு விழா இரவில் வீதியில் கொலையுண்டார் என்ற செய்தி நம்பத்தக்கதன்று. தெர்மோலாம்பை மீண்டும் மக்கள்முன் நிறுத்தப் போராடியவர் அவருடைய மனைவி. தொழில்நுட்ப வரலாறுகளில் அவருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு வரி.

வீட்டுக் கருவி என்ற அளவில் தெர்மோலாம்பின் குறை ஒளியோடு நிற்கவில்லை. வாலையில் கரியை இட்டதும் வாயு சீராக வருவதில்லை; தொடக்கத்தில் பொங்கி வந்து, மணிக்கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். விளக்குத் தேவையோ மாலையில் தொடங்கி இரவில் முடிவது. இரண்டும் ஒத்துப்போகாததால் இடையில் ஒரு சேமிப்புத் தொட்டி கட்டாயமாகிறது. ஒரு வீட்டுக்குப் போதுமான தொட்டியே ஓர் அறையை விழுங்கும். அடுத்து நாற்றம். நிலக்கரியிலுள்ள கந்தகம் அழுகிய முட்டை நெடியடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடாக வாயுவோடு வந்துவிடும். எரிந்தபின் அதன் புகை உலோகத்தையும் துணியையும் தின்னும். இதற்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி: பிற்பகலில் வாலையைத் திறந்து, கல்கரியைச் சுரண்டி எடுத்து, புதுக் கரியை இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைக்கும் வேலையைச் செய்வது யார்? மெழுகுவர்த்தி கேட்பது ஒரு தீப்பொறியை. வாயு விளக்கு ஓர் ஆளைக் கேட்டது.

அந்த ஆளை எளிதாகத் தரக்கூடிய இடம் ஆலை. பாரிஸில் நடப்பதை ஜேம்ஸ் வாட்டின் மகன் கிரெகரி எழுதித் தெரிவித்தபின், பௌல்டன்-வாட் நிறுவனம் மர்டாக்கின் பழைய சோதனைகளை விறுவிறுப்பாக வணிகமாக்கியது. சால்ஃபோர்டில் ஃபிலிப்ஸ்-லீ பருத்தி ஆலையில் அமைத்த கருவியைப் பற்றி மர்டாக் 1808-இல் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. ஆர்கண்ட் வகைச் சுடர்முனைகள் 271. சேவலின் கால்முள்ளைப் போலிருந்ததால் ‘காக்ஸ்பர்’ எனப்பட்ட சிறு சுடர்முனைகள் 633. இவற்றின் ஒளி 2,500 மெழுகுவர்த்திகளுக்கு நிகர். முதலீட்டின் வட்டியும் தேய்மானமும் சேர்த்து ஆண்டுச் செலவு 600 பவுண்டு, மெழுகுவர்த்தியானால் 2,000. நாளொன்றுக்குச் சராசரி இரண்டு மணி நேரம் விளக்கெரிவதாக வைத்துப் போட்ட கணக்கு இது. மூன்று மணி நேரமானால் வாயுவின் செலவு 650 ஆகவும் மெழுகுவர்த்தியின் செலவு 3,000 ஆகவும் உயரும் என்கிறார் மர்டாக். பொறியாளரின் கண்ணில் இது சிக்கனத்துக்குச் சான்று. நூற்பாலைத் தொழிலாளியின் பக்கம் நின்று படித்தால் அதே வரி வேறொன்றைச் சொல்கிறது: இருட்டியபின் இன்னொரு மணி நேரம் வேலை வாங்க முதலாளிக்கு ஆகும் கூடுதல் விளக்குச் செலவு ஆண்டுக்கு ஐம்பதே பவுண்டு. இரவை மலிவாக்கிய அந்தக் கட்டுரைக்கு ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது.

மர்டாக்கின் பட்டறையில் பயின்ற சாமுவேல் க்ளெக், தனித்தனிக் கட்டடங்களுக்கான சிறு கருவிகளை அமைப்பதில் பெயர் பெற்றார். நாற்றத்துக்கு மருந்து சுண்ணாம்பு என்று கண்டதும், 1811-ஐ ஒட்டி ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் வாயுவைச் சுண்ணாம்புக் குழம்பின் வழியே செலுத்தத் தனிக்கலம் வைத்ததும் அவருடைய பங்களிப்பு. லண்டன் ஸ்டிராண்ட் வீதியில் வண்ணப் படங்கள் விற்ற ருடால்ஃப் ஆக்கர்மான் தம் கடைக்கும் பட்டறைக்கும் சொந்தமாக ஒரு வாயுக்கருவி வைத்துக்கொண்டார். வேதியியலாளர் ஃபிரெடெரிக் அக்கும் 1815-இல் வெளியிட்ட நூலில், தனியார் கருவிக்கு முன்மாதிரியாக அதைக் காட்டுகிறார். ஆனால் சுண்ணாம்பு நாற்றத்தை அழிக்கவில்லை. சுடரிலிருந்து எடுத்துச் சேற்றில் வைத்தது. கந்தகம் உண்ட அந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்பது கருவி வைத்திருந்த ஒவ்வொருவரின் அண்டைவீட்டாருக்கும் தலைவலியாயிற்று.

கரியின் இந்தத் தொல்லைகளைக் கண்டு எண்ணெய்க்குத் தாவினார் ஜான் டெய்லர். செஞ்சூடான வாலைக்குள் மலிவான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விழச்செய்தால் கந்தகமற்ற, ஒளிமிக்க வாயு கிடைக்கும், சுத்திகரிப்புக் கலம் தேவையில்லை, கருவியும் சிறிது. 1815-இல் காப்புரிமை பெற்ற இம்முறைதான் பெரிய வீடுகளுக்குப் பொருந்தியது. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் தம் ஆபட்ஸ்ஃபோர்டு மாளிகைக்கு 1823-இல் எண்ணெய் வாயு ஒளியேற்றினார். எடின்பரோவின் எண்ணெய் வாயு நிறுவனத்துக்குத் தலைவராகவும் இருந்தார். எண்ணெய் விலை இம்முறையை வளரவிடவில்லை. வீட்டில் கருவியே வேண்டாம், நிரப்பிய கலத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று டேவிட் கோர்டன் கிளம்பியதும் இக்காலத்தில்தான். முப்பது வளிமண்டல அழுத்தத்தில் எண்ணெய் வாயுவை அடைத்தபோது கலத்தின் அடியில் ஒரு நீர்மம் தேங்கியது. அதை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே 1825-இல் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளைத்தான் இன்று பென்சீன் என்கிறோம். வணிகம் படுத்தது; கரிம வேதியியலுக்கு அதன் மையப்பொருள் கிடைத்தது.

இதற்குள் வேறொருவர் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிட்டார். லபோனின் காட்சியைக் கண்டு வியந்த ஜெர்மானியர் வின்சர், லண்டனுக்கு வந்து 1807-இல் பால் மால் வீதியில் வாயு விளக்குகளை ஏற்றினார். அறிவியல் அவருக்கு அரைகுறை, வாய்வீச்சு நிறைவு. ஆயினும் வீட்டுக்கொரு வாலை வேண்டாம், ஊருக்கொரு வாலையும் வீதிக்கொரு குழாயும் போதும் என்பதை விடாமல் முழங்கியவர் அவர். 1812-இல் அரசப் பட்டயம் பெற்ற கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி அந்த முழக்கத்தின் விளைவு. அந்நிறுவனத்துக்குப் பொறியாளராகச் சென்ற க்ளெக்தான் வாயுவை அளக்கும் உண்மையான மானியை வடிவமைத்தார். தன் வாலையில் தானே காய்ச்சி எரித்தவருக்கு மானி எதற்கு? கரியின் எடையே கணக்கு. காய்ச்சுபவர் ஒருவரும் எரிப்பவர் வேறொருவரும் ஆனபின்பே, இருவருக்கும் நடுவே ஒரு கருவி வந்து உட்கார வேண்டியதாயிற்று. அதற்குள் ‘கேஸோமீட்டர்’ என்ற பெயரைத் தொட்டி எடுத்துக்கொண்டுவிட்டதால், புதிய கருவிக்கு வெறும் ‘மீட்டர்’ மிஞ்சியது.

இந்தியாவுக்கு வாயு வந்தது ஊருக்கொரு வாலை என்ற வடிவில். 1853-இல் தொடங்கிய ஓரியன்டல் கேஸ் கம்பெனி 1857-இல் கல்கத்தா வீதிகளில் விளக்கேற்றியது. ஆனால் டெய்லரின் சிறு கருவிக்கும் இங்கே ஒரு மறுவாழ்வு இருந்தது. குழாய் வாயு எட்டாத ஊர்களின் கல்லூரிகளில், வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் ‘கேஸ் பிளான்ட்’ என்று ஒரு கொட்டகை நின்றது. செஞ்சூடான இரும்பு வாலைக்குள் மண்ணெண்ணெய் சொட்டும். தாரை நீரில் இறக்கிவிட்டு வாயு, கவிழ்த்த தொட்டியில் சேரும். அங்கிருந்து மேசைகளிலுள்ள பன்சன் சுடரடுப்புகளுக்குக் குழாய் போகும். வகுப்பு தொடங்குமுன் வந்து உலையை மூட்ட ஓர் ஆள் அங்கும் வேண்டியிருந்தது. சமையல் எரிவாயு உருளைகள் வந்தபின் அந்தக் கொட்டகைகள் பூட்டப்பட்டன.